ஜிபிஎஸ் இடத்தைச் சொல்லும். வழியை யார் சொல்வது?

2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, ராமகங்கை ஆற்றின் மேல் பாதியில் அறுந்து நின்ற பாலத்திலிருந்து ஒரு கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். வழிகாட்டிச் செயலியைப் பார்த்து ஓட்டி வந்தார்கள் என்றது செய்தி. "ஜிபிஎஸ் தப்பாக் காட்டிருச்சு" என்று நம் பக்கம் டீக்கடை வரை பேச்சு. 2025 அக்டோபரில் இன்னொரு செய்தி வந்தது. மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் 'மேப்பில்ஸ்' என்ற இந்தியச் செயலியைக் காரில் ஓடவிட்டுக் காட்டி, இதைப் பயன்படுத்திப் பாருங்கள் என்றார். கூகுள் மேப்ஸை விட்டு மாறலாமா, இந்தியாவுக்கே சொந்தமாக ஏதோ செயற்கைக்கோள் இருக்கிறதாமே, அது இதில்தான் வருமா என்று கேள்விகள் கிளம்பிவிட்டன.

இரண்டிலும் ஒரே குழப்பம்தான். ஜிபிஎஸ் வேறு, வரைபடம் வேறு. பரேலியில் வெள்ளத்தில் அறுந்த பாலம் வரைபடத்தில் அறுபடாமல் இருந்தது என்பதே சொல்லப்பட்ட காரணம். வானத்தில் சுற்றும் எந்தச் செயற்கைக்கோளுக்கும் பாலம் என்றால் என்னவென்று தெரியாது.

ஒரு செயலிக்குள் நான்கு வேலைகள்

போனில் நீலப் புள்ளி நகர்வதற்கும் "இடதுபுறம் திரும்பவும்" என்று குரல் வருவதற்கும் பின்னால் தனித்தனியாக நான்கு வேலைகள் நடக்கின்றன.

1. ரிசீவர்: செயற்கைக்கோள் சிக்னலை வாங்கி, நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிடும் சிறு சிப். இது போனின் பாகம். செயலியை மாற்றினால் இது மாறாது.
2. வரைபடம்: எந்தத் தெரு எங்கே ஓடுகிறது, ஒருவழியா இருவழியா, எங்கே முட்டுச்சந்து, எது மண்ரோடு என்ற தகவல் மூட்டை.
3. தேடல்: நீங்கள் தட்டும் "மேலமாசி வீதி" என்ற எழுத்தை வரைபடத்தில் ஒரு புள்ளியாக மாற்றுவது.
4. வழிக்கணக்கு: இங்கிருந்து அங்கே போக இருக்கும் வழிகளில் எது சீக்கிரம் என்று கணக்குப் போடுவது.

முதலாவதை உங்கள் போன் பார்த்துக்கொள்கிறது. மற்ற மூன்றில்தான் ஒரு செயலிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். செயலியைத் தேர்வது என்றால் இந்த மூன்றையும், அதிலும் நீங்கள் அன்றாடம் வண்டி ஓட்டும் பகுதியின் வரைபடத்தை, எடைபோடுவதுதான்.

வானத்திலிருந்து வருவது நேரமும் செயற்கைக்கோளின் இடமும் மட்டுமே

ஜிபிஎஸ் அமெரிக்க அரசின் ஏற்பாடு. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுமார் 30 செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் "நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தச் சேதி உங்கள் போனுக்கு வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரம் தெரியும். நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரியும். கடிகாரத்தில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரக் கணக்கில் 300 மீட்டர் பிசகும். அதனால்தான் செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள்.

2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதை நிறுத்திய பிறகுதான் தெரு அளவில் வழிகாட்ட ஜிபிஎஸ் லாயக்கானது. இப்போது திறந்த வானத்தின் கீழ் நல்ல போன் ஏறக்குறைய 5 மீட்டர் துல்லியம் தரும். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் இன்றைய போன்கள் சேர்த்தே கேட்கின்றன.

இந்தியாவின் ஏற்பாடு நாவிக். இஸ்ரோ முதல் செயற்கைக்கோளை 2013இல் ஏவியது. 2016இல் ஏழாவது போனதும் நாவிக் என்று பெயர் வைத்தார்கள். சில குவால்காம் சிப்புகளில் 2020 முதல் நாவிக் உண்டு. உங்கள் போனில் உண்டா என்பதைச் சிப் தீர்மானிக்கிறது. மேப்பில்ஸை ஏற்றியதால் நாவிக் வந்துவிடாது, கூகுளை வைத்திருப்பதால் நாவிக் போய்விடாது.

அதேபோல, ஜிபிஎஸ் சிக்னலை வாங்குவதற்கு சிம் கார்டோ டேட்டாவோ தேவையில்லை. மேசை டிராயரில் கிடக்கும் பழைய போனைக்கூட வண்டியில் வழிகாட்டியாக மாட்டலாம். ஒன்று மட்டும்: நெட் இருந்தால் செயற்கைக்கோள்களின் அட்டவணையை அதிலிருந்தே இறக்கி நொடிகளில் இடத்தைப் பிடித்துவிடும். நெட் இல்லாவிட்டால் அதே தகவலை வானத்திலிருந்து நொடிக்கு 50 பிட் வேகத்தில் வாங்க வேண்டும். அரை நிமிடமாவது ஆகும். நாள்கணக்கில் அணைத்து வைத்திருந்த போன் என்றால் சில நிமிடங்கள். "ஜிபிஎஸ் எடுக்க மாட்டேங்குது" என்று அணைத்து அணைத்துப் போட்டால் அது ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். வெட்டவெளியில் வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள்.

மதுரையில் புள்ளி தடுமாறும் இரண்டு இடங்கள்

முதலாவது, மாசி வீதிகளும் அவற்றை ஒட்டிய சந்துகளும். இருபுறமும் மூன்று நான்கு மாடிக் கடைகள், நடுவில் ஒரு கீற்று வானம். சிக்னல் நேராக வராமல் எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. வந்த தூரம் கூடிவிட்டதால் போன் உங்களைப் பக்கத்துச் சந்தில் நிறுத்துகிறது. சந்துக்கும் சந்துக்கும் இருபது முப்பது மீட்டர்தான் என்னும்போது அது போதும், குரல் தப்பான திருப்பத்தைச் சொல்ல. இரட்டை அலைவரிசை கேட்கும் போன்கள் இதில் மேல். எந்தச் செயலி வைத்திருந்தாலும் தடுமாற்றம் ஒன்றுதான்.

இரண்டாவது, நத்தம் சாலைப் பறக்கும் பாலம். 7.3 கிலோமீட்டர் நீளம், 2023இல் திறந்தார்கள். தல்லாகுளத்திலிருந்து வரும்போது மேலே ஏறினீர்களா, கீழே போனீர்களா என்பது போனுக்குத் தெரிய வேண்டும். மேலிருந்து பார்த்தால் இரண்டு சாலையும் ஒன்றன்மேல் ஒன்று. அட்சரேகை தீர்க்கரேகை இரண்டுக்கும் ஒன்றே. உயரத்தை வைத்துப் பிரிக்கலாமே என்றால், ஜிபிஎஸ் மிக மோசமாகக் கணிப்பதே உயரத்தைத்தான். கீழே நாராயணபுரம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போகிறவர் தவறி மேலே ஏறிவிட்டால், திரையில் புள்ளி கீழ்ச்சாலையில் நகர்ந்துகொண்டே இருக்கும். "வலதுபுறம் திரும்பவும்" என்று குரலும் வரும். வலதுபுறம் கைப்பிடிச் சுவர் இருக்கும்.

இந்த இடத்தில் செயலிக்குச் செயலி வித்தியாசம் உண்டு. பாலம் தொடங்குமுன்பே "மேலே ஏறாதே, இடப்பக்கச் சாலையில் போ" என்று படம் போட்டுக் காட்டுகிற செயலி பிழைக்க வைக்கும். மேப்பில்ஸ் மேம்பாலச் சந்திப்புகளை முப்பரிமாணப் படமாகக் காட்டுவதைத்தான் அமைச்சர் மெச்சினார். நம் பாலத்துக்கு அது எப்படிக் காட்டுகிறது என்பதை ஒரு தரம் கீழே, ஒரு தரம் மேலே ஓட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பெட்ரோல் செலவு பெரிதில்லை.

வரைபடம் யாருடையது?

ஆப் ஸ்டோரில் பத்துச் செயலி இருக்கும். உள்ளே இருக்கும் வரைபடங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை.

கூகுள் மேப்ஸ் 2005இல் வந்தது. வரைபடம் கூகுளுடையது. கடைகளையும் சாலைத் திருத்தங்களையும் பொதுமக்கள் கோடிக்கணக்கில் சேர்க்கிறார்கள். டூவீலர் வழியை 2017 டிசம்பரில் முதலில் இந்தியாவில்தான் விட்டார்கள். தெருவைச் சுற்றிப் பார்க்கும் படங்களான ஸ்ட்ரீட் வியூ 2022 ஜூலையில் இந்தியாவின் 10 நகரங்களில் வந்தபோது சென்னை இருந்தது, மதுரை இல்லை.

மேப்பில்ஸ் என்பது மேப்மைஇந்தியா நிறுவனத்தின் செயலி. 1990களிலிருந்தே இந்தியச் சாலைகளை அளந்து வரைபடம் விற்கும் நிறுவனம். கார்களில் கம்பெனியே பொருத்திக் கொடுக்கும் திரைகள் பலவற்றில் ஓடுவது இவர்களுடைய வரைபடம்தான். எனவே புதுச் செயலி என்று தயங்க வேண்டியதில்லை.

மூன்றாவது ஓபன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது, விக்கிப்பீடியா மாதிரி யாரும் வரையலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம். இதற்கென்று ஒரே ஒரு செயலி கிடையாது. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் இரண்டும் இதையே எடுத்துத் தங்கள் பாணியில் காட்டுகின்றன. இவற்றில் ஒன்றில் இல்லாத தெரு மற்றதிலும் அநேகமாக இராது. ஆகவே ஆஸ்ம்அண்டில் வீடு கிடைக்கவில்லை என்று ஆர்கானிக் மேப்ஸை இறக்குவது, ஒரே கிணற்றில் இன்னொரு வாளியை விடுவது.

ஹியர் வீகோ என்று ஒன்றும் உண்டு. பழைய நோக்கியா போன்களில் ஓடிய வரைபடத்தின் வாரிசு. நம் பக்கம் பயன்படுத்துவோர் குறைவு.

வரைபடத்தின் தரம் ஊருக்கு ஊர் மாறும் என்பதைச் செயலிகளின் விளம்பரங்கள் எதுவும் சொல்வதில்லை. சென்னையில் ஜெயித்த செயலி உசிலம்பட்டிக்கு மேற்கே சறுக்கலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஆர்வமுள்ள ஒருவர் இருக்கும் கிராமத்தில் ஊரணிக் கரையும் தண்ணீர்த் தொட்டியும்கூட இருக்கும். அடுத்த கிராமத்தில் தார்ச்சாலை ஒன்றும் நான்கு வெற்றுக் கோடுகளும் மட்டும். கூகுளில் கடை நிறைய இருக்கும், ஆனால் இடம் மாறிய கடையை யாராவது நகர்த்தினால்தான் உண்டு. புதுமண்டபத்துத் தையல்கடைகளும் புத்தகக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனது மதுரைக்காரருக்குத் தெரியும். வெளியூர்க்காரருக்குப் புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கேதான் கடை.

தேடல்: பாதி வழி தவறுவது இங்கேதான்

மதுரை மீனாட்சி அம்மன் கோயில் மதிலுக்குள் ஆடி வீதிகள், வெளியே சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள். அதற்கு வெளியே 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்த இடத்தில் வந்த வெளி வீதிகள். ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு பக்கம். ஊர்க்காரர் 'கீழ', 'மேல' என்பார், ஆங்கிலப் பலகை 'ஈஸ்ட்', 'வெஸ்ட்' என்னும். 'மாசி வீதி' என்று மட்டும் தட்டினால் செயலி நான்கில் ஒன்றைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். அது தப்பான பக்கமாக இருந்தால், ஒருவழிப்பாதைகளில் சுற்றி வந்து சேர அரை மணி நேரம் போகும்.

ஊர்ப் பெயர்களில் இதைவிடப் பெரிய பொறி இருக்கிறது. தேனி ரோட்டில் இருக்கும் நாகமலை புதுக்கோட்டைக்குப் போக 'புதுக்கோட்டை' என்று தட்டினால், எதிர்த்திசையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் காட்டும். திருப்பத்தூர் என்றால் சிவகங்கை மாவட்டத்தில் ஒன்று, 2019இல் தனி மாவட்டமான வடக்குத் திருப்பத்தூர் இன்னொன்று. அண்ணா நகர், கே.கே. நகர், திருமங்கலம் மூன்றும் இங்கேயும் உண்டு, சென்னையிலும் உண்டு. புதுப்பட்டிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பிறகு, விலக்கு. தென்மாவட்டங்களில் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் இடத்தை விலக்கு என்போம்; ஊர் உள்ளே இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பஸ் நிறுத்தத்துக்கும் அதே ஊரின் பெயர். சில வரைபடங்களில் ஊர்ப்புள்ளி விலக்கிலேயே குத்தப்பட்டிருக்கும். "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று குரல் சொல்லும்போது எதிரே ஒரு வேப்பமரமும் ஒரு டீக்கடையும் மட்டும் இருந்தால் காரணம் அதுதான்.

அழகர்கோவிலை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள்; சோழவந்தானையும் அப்படியே. தமிழில் தட்டினால் கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள். தமிழ்ப் பெயரைச் சேர்த்து வைத்திருக்கும் வரைபடம் கண்டுபிடிக்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் யாராவது தமிழ்ப் பெயரை எழுதியிருந்தால்தான் வரும்.

முகவரியே நம்ப முடியாதது என்றால் எண்ணைக் கொடுப்பது மேல். மீனாட்சி அம்மன் கோயில் 9.9195, 78.1193. முதலில் அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. நான்காவது தசமத்தில் ஒன்று மாறினால் ஏறக்குறைய 11 மீட்டர் நகரும். கூகுளின் பிளஸ் கோடு, அஞ்சல் துறை 2025இல் கொண்டுவந்த டிஜிபின் இரண்டும் இதே எண்ணைச் சுருக்கி எழுதும் முறைகள். டிஜிபின்னின் 10 எழுத்து ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டத்தைக் குறிக்கும். கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயரோடு இதையும் அச்சிட்டால் எத்தனையோ போன் அழைப்புகள் மிச்சம்.

வழிக்கணக்கு

செயலிக்குச் சாலை என்பது சந்திப்புகளுக்கு இடையே இழுத்த நூல். ஒவ்வொரு நூலுக்கும் இத்தனை நிமிடம் என்று ஒரு விலை. மொத்த விலை குறைந்த வழியைக் கண்டுபிடிக்கும் முறையை டச்சுக்காரரான டைக்ஸ்ட்ரா 1959இலேயே வெளியிட்டுவிட்டார். கணக்கு தவறாது. விலைதான் தவறும்.

மெயின் ரோட்டில் 2 கிலோமீட்டர், மணிக்கு 30 வேகம்: 4 நிமிடம். சந்து வழியே 1 கிலோமீட்டர், உண்மையில் மணிக்கு 10 வேகம்: 6 நிமிடம். சந்திலும் 25இல் போகலாம் என்று செயலி நினைத்துக்கொண்டால் அதற்கு 2.4 நிமிடம்தான். உடனே உங்களைச் சந்துக்குள் தள்ளும். கண்மாய்க் கரை வண்டிப்பாதையைத் தார்ச்சாலையாக எண்ணிக்கொள்வதும் இதே கோளாறு.

நெரிசல் தகவல் எங்கிருந்து வருகிறது? சாலையில் நகரும் போன்களின் வேகத்திலிருந்து. 2020இல் பெர்லினில் ஒரு கலைஞர் 99 போன்களைத் தள்ளுவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போய், காலிச் சாலையைக் கூகுளில் சிவப்பாக்கிக் காட்டினார். ஆகவே நெரிசல் விஷயத்தில் அதிகப் பேர் வைத்திருக்கும் செயலி ஜெயிக்கும். மதுரைக்குள் அது இன்றைக்குக் கூகுள்தான். டி. கல்லுப்பட்டியைத் தாண்டினால் போன்களே குறைவு, இந்தச் சாதகமும் குறைவு.

யானைக்கல் தரைப்பாலம் நல்ல பரீட்சை. வைகையில் தண்ணீர் திறந்தால் தடுப்பு வைத்து மூடுவார்கள். எல்லோரும் பக்கத்தில் இருக்கும் 1889ஆம் ஆண்டு ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் நெருக்கியடிப்பார்கள். மூடியதை யாராவது தெரிவித்தால், அல்லது போன்கள் அங்கே நகராததைச் செயலி கவனித்தால்தான் வழி மாறும். ஆஃப்லைன் செயலிக்கு அந்தச் செய்தி போகவே போகாது.

நெட் இல்லாத இடம்

சாப்டூர் பக்கம் மலையடிவாரத்திலோ கொடைக்கானல் மலைச்சாலையிலோ சிக்னல் விட்டு விட்டு வரும். கூகுளில் ஒரு பகுதியை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். நெட் இல்லாதபோது கார் வழி கிடைக்கும். நடைவழி, பஸ் வழி, நெரிசல், மாற்று வழி கிடைக்காது. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் இரண்டும் ஆஃப்லைனுக்கென்றே செய்தவை. மாநில அளவில் வரைபடத்தை இறக்கிவிட்டால் தேடலும் நடைவழியும் போனுக்குள்ளேயே நடக்கும். முன்னதில் விளம்பரம் இல்லை, காசும் இல்லை. பின்னதில் நூறு செட்டிங்குகள். இலவசப் பதிப்பில் இறக்கும் வரைபட எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு.

என் தேர்வு

நகருக்குள் டாக்ஸி, டெலிவரி, டூவீலர் என்றால் கூகுளை முதல் செயலியாக வைத்துக்கொள்வதில் தப்பில்லை. நாலுவழிச்சாலையும் மேம்பாலமுமாக ஓட்டுபவர் மேப்பில்ஸையும் வைத்து ஒப்பிடலாம். கிராமம், மலை, அல்லது சிம் இல்லாத பழைய போன் என்றால் ஆர்கானிக் மேப்ஸ். குட்டியானை, லாரிக்காரர்களுக்கு முழுத் திருப்தியான செயலி இல்லை. ஆஸ்ம்அண்டில் வண்டியின் உயரம், எடையைக் கொடுக்கலாம். ஆனால் ரயில் பாலத்தடியின் உயரத்தை வரைபடத்தில் யாராவது எழுதியிருந்தால்தான் அது உதவும். ஒரே செயலியில் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

இறக்கியதும் இதைச் செய்து பாருங்கள்:

1. நன்றாகத் தெரிந்த ஐந்து இடங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள். ஒன்று உள்வீதியில், ஒன்று குறுக்குத்தெருவில், ஒன்று விலக்குக்கு உள்ளே இருக்கும் ஊராக இருக்கட்டும்.
2. தினமும் போகும் வழியைக் கேளுங்கள். ஒருவழிப்பாதையில் எதிரே அனுப்பினால் அந்த வரைபடம் உங்கள் பகுதிக்குப் பழையது.
3. ஏரோப்ளேன் மோடில் போட்டு அதே வழியைத் திரும்பக் கேளுங்கள்.
4. வேண்டுமென்றே ஒரு திருப்பத்தைத் தவறவிடுங்கள். புது வழி வர எத்தனை நொடி, யூ-டர்னையே திரும்பத் திரும்பச் சொல்கிறதா என்று கவனியுங்கள்.
5. சித்திரை வெயிலில் அரை மணி நேரம் ஹேண்டில்பாரில் மாட்டிப் பாருங்கள். போன் சூடேறித் திரை மங்கினால் எந்தச் செயலியும் உதவாது. பைக்கின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்திருக்கிறது.

கையில் பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். 2020 அக்டோபர் முதல் மோட்டார் வாகன விதிகள் வழி பார்க்க மட்டும் போனை அனுமதிக்கின்றன, அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில்.

பிழையைக் கண்டால் திருத்தலாம். கூகுளிலும் மேப்பில்ஸிலும் தெரிவித்துவிட்டு அவர்கள் சரிபார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்களே ஒரு முட்டுச்சந்தை வரைபடத்தில் அடைத்துவிடலாம், மாற்றம் உடனே பதிவாகும். ஆனால் உங்கள் போனுக்குள் இருப்பது என்றோ இறக்கிய பழைய பிரதி. வரைபடத்தின் அடுத்த பதிப்பு வந்ததும் அதை மறுபடி இறக்கும்வரை, நீங்கள் அடைத்த அதே முட்டுச்சந்துக்குள் அது உங்களையே கூப்பிடும்.